சம்பந்திகள் இழுத்த புயல்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மருமகளைப் பெற்றவன் பணிவுடன் எழுதுவது. காலை ஆறு மணி நிலவரப்படி நானும், என் வீட்டுக்காரியும், வீட்டுக் கூரையும் நலம். அங்கும் கூரை உட்பட அனைவரும் நலமா? இதைப் போனிலேயே கேட்கலாம். ஒரே நாளில் நாற்பத்தேழு புயல் படம் அனுப்பினேன் என்று என் எண்ணைத் தடுத்து வைத்துவிட்டீர்கள். எதிர்வீட்டு டாக்ஸிக்காரர் உங்கள் ஊருக்குச் சவாரி போகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நில அளவை ஆபீசில் முப்பத்தோரு வருடம் கோடு போட்டுப் பிழைத்தவன் நான். கோடு என்றால் போட்ட இடத்தில் கிடக்க வேண்டும். வானிலை கணிக்கிற இந்தக் கம்ப்யூட்டர் மாடலோ ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை புயலுக்குப் புதுப் பாதை போடுகிறது. திங்கட்கிழமை நான் நம்பும் மாடல் புயலை நேரே உங்கள் ஊருக்கு அனுப்பியது. நிறைமாதப் பெண்ணை உடனே என் வீட்டுக்கு அனுப்புங்கள் என்றேன். கணக்கு வாத்தியாரான நீங்கள் வேறொரு மாடலைப் பிடித்துக்கொண்டு, புயல் உங்களுக்குத்தான், நீங்கள் மூட்டையைக் கட்டுங்கள் என்றீர்கள். மறைப்பானேன்? பிரசவம் யார் வீட்டில் என்ற வழக்குக்கு நாம் ரெண்டு பேருமே புயலைச் சாட்சிக்கு இழுத்தோம். கோடு உங்கள் பக்கம் திரும்பினால் எனக்கு உள்ளூர சந்தோஷம். உங்க கூரையே பறக்கணும்னு இல்ல, சும்மா ரெண்டு ஓடு.

நேற்று மாப்பிள்ளை என் பேச்சைக் கேட்டு அவளைக் காரில் ஏற்றினார். பாதி வழி வருவதற்குள் உங்கள் மாடலில் கோடு என் ஊர்ப் பக்கம் வந்துவிட்டது. வண்டியைத் திருப்பு என்றீர்கள், திருப்பினார். கொஞ்ச தூரம் போனதும் என் மாடலில் கோடு உங்கள் தெருவுக்கே வந்துவிட்டது. திருப்புங்க மாப்பிள்ளை என்றேன், மறுபடி திருப்பினார். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி என்பது அவருக்காகவே சொன்னது. ஒரே பெட்ரோல் பங்கை மூணு தடவை தாண்டியிருக்கிறார்கள், பங்குக்காரர் வண்டியை நிறுத்தி எதையாவது தொலைச்சுட்டீங்களான்னு விசாரிச்சாராம். இங்கே என் வீட்டுக்காரி இதுவரை மாடல் திரையில் போட்ட ஐம்பது கோட்டையும் பார்த்துட்டு, குழந்தை சுவத்துல கிறுக்கின மாதிரி இருக்கு, இத நம்பியா எம் பொண்ண அலைய விடறீங்கன்னு கேட்டா.

சாயங்காலம் மகளே போனை வாங்கிப் பேசினாள்.

"அப்பா, புயலாவது எங்கயாவது போய்ச் சேர்ந்துடும். நான்தான் ரோட்டுலயே கிடக்கேன். இடுப்பு வலிக்குது. நாங்க இங்கயே இறங்கிட்டோம்."

யோசித்துப் பாருங்கள் சம்பந்தி. பாதி வழி ஊர், தெரிஞ்ச முகம் ஒண்ணு கிடையாது, சின்ன ஆஸ்பத்திரி. அவளுக்கு ஒண்ணுன்னா எந்த மாடலப் போய்ச் சட்டையப் பிடிக்கிறது? புயலுக்குப் பயந்து கிளம்பவும் முடியாமல், ராத்திரி முழுக்க நானும் வீட்டுக்காரியும் தூங்கவில்லை.

ஆகவே கம்ப்யூட்டரை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். இனி தொடமாட்டேன், இது சத்தியம். வலி தணிந்ததும் அவளை நீங்களே அழைத்துப் போங்கள். பிரசவம் உங்கள் வீட்டிலேயே நடக்கட்டும். குழந்தையை முதலில் தூக்கும் உரிமையும் உங்களுக்கே. விட்டுக்கொடுத்தவன் கெட்டுப்போவதில்லை.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். காற்றும் மழையும் உங்கள் வாசலுக்கு வந்தாலும் கதவைத் தட்டாமல் போகட்டும்.

இப்படிக்கு,
கோடு போடுவதை விட்டுவிட்ட
உங்கள் அன்புச் சம்பந்தி

பி.கு.: டாக்ஸிக்காரர் வாசலில் ஹாரன் அடிக்கும் நேரத்தில் மாப்பிள்ளை போன் செய்தார். பேத்தி பிறந்துவிட்டாள்! தாயும் சேயும் நலம். டாக்டர் சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்னாடியே வந்துட்டா, எந்த மாடலும் சொல்லல. புயலும் கடலிலேயே கரைந்துவிட்டதாம். ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. மாப்பிள்ளை உங்களுக்குப் போன் செய்யப் போனார். உங்களுக்கு எதற்குச் சிரமம் மாப்பிள்ளை, நானே தெரிவிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இதோ, தெரிவித்துவிட்டேன். நாங்கள் இதோ ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறோம், நீங்கள் இதைப் படிக்கும்போது பேத்தி என் மடியில் இருப்பாள். இப்போதுதான் அலமாரியைத் திறந்து பார்த்தேன், உங்கள் பக்கத்துச் சாலையில் கனமழை என்று என் மாடல் சொல்கிறது. அவசரமே இல்லை, நாளைக்கு மெதுவாக வாருங்கள்.