பன்னிரண்டு விநாடி வீரன்

“வியாழக்கிழமை நீங்க நிஜமாவே குதிக்கணும் சார்” என்று டைரக்டர் சொன்னபோது, உச்சிமாகாளியின் பெருவிரல் சேக் மைதீனின் வலது தோளில் எக்குத்தப்பாக அழுந்திவிட்டது. பாய் “யா அல்லா” என்று முனகினார்.

ஐந்தருவிக்குப் போகிற வழியில் இருபத்திரண்டு வருஷமாக எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் உச்சிமாகாளி. பக்கத்தில் துண்டும் சோப்பும் விற்கிற கடை சேக் மைதீனுடையது. ஒன்றரை மாதமாகப் பாய்க்குத் தோள்வலி. தினமும் காலையில் வந்து, சட்டையை வலது தோளிலிருந்து இறக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். என்ன ஆச்சு என்று கேட்டால், “கனத்த சுமை ஒண்ணத் தூக்கிட்டேம்லே” என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

டைரக்டர் எடுப்பது வெள்ளப் படம். வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவர்களைச் சாதாரண ஜனங்கள் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுகிற கதை. கடைசிக் காட்சியில் அவனுக்கு ஒரு நிஜ வீரன் வேண்டுமாம். அந்த வீரன் சாட்சாத் நம் உச்சிமாகாளிதான்.

வீரனுக்குத் தண்ணீர் என்றால் கிலி என்பது ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் அருவியில் தலையைக் கொடுக்க, இவர் வீட்டில் வாளியில் மொண்டு குளிக்கிற ஆள். அந்த வாளியும் பாதிதான் நிறைந்திருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். ஐப்பசியில் ஒரு மத்தியானம் மலையில் மழை கொட்டி, ஐந்தருவியில் திடீரென்று செம்மண் நிறத்தில் வெள்ளம் இறங்கியது. எல்லோரும் மேலே ஓட, படியில் வைத்த எண்ணெய் பாட்டில்களை எடுக்கக் கீழே ஓடினார் இவர். புத்தி அப்படி. வழுக்கி விழுந்தார். காலுக்குக் கீழே தரை இல்லை. கைக்கு ஓர் ஆள் அகப்பட்டான். அவனைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக் குற்றாலநாதரைக் கூப்பிட்டார். இடுப்பில் கட்டியிருந்த பச்சை பெல்ட்டைப் பிடித்து யாரோ ஓர் இழுப்பு இழுத்தது தெரிந்தது. கண்ணைத் திறந்தால் படிமேல் கிடக்கிறார். அந்த ஆள்தான் தன்னைக் கரையேற்றியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். நன்றி சொல்ல நாக்கு எழும்பவில்லை. அதற்குள் கூட வந்தவர்கள் அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

மேலே நின்ற எவனோ போனில் எடுத்த வீடியோ மொத்தம் பன்னிரண்டு விநாடி. உச்சிமாகாளி ஓர் ஆளைக் கட்டிப்பிடித்தபடி படியில் வந்து விழுவது மட்டும்தான் அதில் இருந்தது. ஊருக்கு அது போதாதா? மறுநாளே மாலையும் சால்வையும். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இவர் வாயெடுத்த நேரத்தில், சிவகிரியிலிருந்து ரிட்டயர்டு ஏட்டு தங்கசாமி வந்து நின்றார். வீரன் வீட்டுப் பெண்தான் தன் வீட்டு மருமகள் என்று மகள் ஸ்வாதிக்குப் பூ வைத்துவிட்டுப் போனார். இரண்டு வருஷமாகத் தட்டிக்கொண்டே போன கல்யாணம். மனைவி சங்கரேஸ்வரி சாமி படத்துக்கு முன்னால் நின்று அழுதுவிட்டாள். இவர் வாயை மூடிக்கொண்டார்.

இப்போது குதிக்க வேண்டும் என்கிறான்.

“முடியாதே தம்பி. மக கல்யாணம் கூடி வார வரைக்கும் ஆத்துத் தண்ணியில கால் வைக்க மாட்டேன்னு சாமிக்கு நேந்திருக்கேன்” என்று ஒரே போடாகப் போட்டார்.

டைரக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. நேர்ச்சையையும் கதையில் சேர்த்துக்கொண்டான். விஷயம் சாயங்காலத்துக்குள் சிவகிரிக்கும் போய்விட்டது. ஏட்டு போனில் உருகினார். கல்யாணம்தான் கூடிவிட்டதே, வியாழக்கிழமை தானே வந்து சம்பந்தியின் கையைப் பிடித்து ஆற்றில் இறக்கிவிடுவதாகச் சொன்னார்.

அடுத்த யோசனை உச்சிமாகாளிக்கே பிரமாதமாகப் பட்டது. அன்றைக்குக் காப்பாற்றப்பட்ட ஆளும் பக்கத்தில் இருந்தால்தான் இறங்குவேன் என்று பிடிவாதம் பிடித்தார். பேரும் ஊரும் தெரியாத ஆளை எங்கே போய்த் தேடுவார்கள்?

மறுநாள் மத்தியானத்துக்குள் தேடிப் பிடித்துவிட்டார்கள். கடையநல்லூர் நாசர். துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறார். வியாழக்கிழமை கண்டிப்பாக வருகிறாராம். இவருக்கு அதுவரை உயிர்ப்பயம் மட்டும்தான் இருந்தது. இப்போது மானம் போகிற பயமும் சேர்ந்துகொண்டது. வீட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டினால்கூட மனுஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

புதன்கிழமை கடைசி முயற்சியாகக் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு நொண்டினார். “கட்டோட குதிச்சா தியேட்டரே அழும் சார்” என்று டைரக்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

வியாழக்கிழமை சிற்றாற்றங்கரையில் கேமரா, ரோப், கூட்டம் எல்லாம் தயார். மலை உச்சியில் மேகம் கருத்துக் கிடந்தது. ஆறு செம்மண் நிறத்தில் சுழித்து, ஒரு முழு வாழைமரத்தை இழுத்துக்கொண்டு போனது. அதைப் பார்த்ததும் உச்சிமாகாளிக்கு அன்றைக்குத் தரை இல்லாமல் போனது ஞாபகத்துக்கு வந்தது. சங்கரேஸ்வரி அவர் நெற்றியில் விபூதி பூசினாள். நாசர் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அன்று காலையில் தோள் பிடித்துவிட ஆள் இல்லாததால் சேக் மைதீனும் கிளம்பி வந்து மேல்படியில் உட்கார்ந்திருந்தார்.

ஏட்டு கையைப் பிடித்துப் படி இறக்கினார். மூன்றாவது படியில் தண்ணீர் பெருவிரலைத் தொட்டது. அவ்வளவுதான், உச்சிமாகாளி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். இன்னும் ஒரு பொய் சொல்லலாம்தான். சொல்ல மனசு வரவில்லை.

“என்னால ஏலாது சம்பந்தி. தண்ணின்னாலே எனக்குப் பயம். நேர்ச்சையும் பொய், இந்தக் கால்கட்டும் பொய். நான் யாரையும் காப்பாத்தல. இந்தா நிக்காரே, இவருதான் என்னைய இழுத்துப் போட்டாரு. வச்ச பூவ எடுக்கணும்னா எடுத்துக்கிடுங்க. எம் புள்ள மேல ஒரு தப்பும் இல்ல.”

சங்கரேஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டைரக்டர் கேமராவை நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டான். ஏட்டு பிடித்த கையை விடவில்லை.

“முப்பது வருஷ சர்வீஸ்ல ஆத்துலயும் அருவியிலயும் எத்தனையோ பொணம் எடுத்திருக்கேன் சம்பந்தி. அதுல ஒண்ணுகூட தண்ணிக்குப் பயந்தவன் பொணம் இல்ல. வச்ச பூ வச்சதுதான். எந்திரிங்க.”

உச்சிமாகாளிக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதார். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஆனால் நாசர் மட்டும் திகைத்துப்போய்த் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“நானா உங்கள இழுத்தேன்? எனக்கு நீச்சலே தெரியாது அண்ணாச்சி. ரெண்டு கையாலயும் உங்க கழுத்தைல்லா கட்டிக்கிட்டுக் கெடந்தேன். நீங்கதான் என்னையக் கரை சேத்தீங்கன்னு இன்னைக்கு வரைக்கும் துவா செய்யுதேன்.”

உச்சிமாகாளியின் அழுகை பாதியில் நின்றது. அனிச்சையாகக் கை பச்சை பெல்ட்டுக்குப் போனது.

“அப்போ என் பெல்ட்டப் பிடிச்சு இழுத்தது யாரு?”

சேக் மைதீன் மேல்படியிலிருந்து மெதுவாக இறங்கி வந்து, உச்சிமாகாளிக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். வழக்கம்போலச் சட்டையை வலது தோளிலிருந்து இறக்கிவிட்டார்.

“மொதல்ல தோளப் பிடிச்சு விடுலே. அன்னைக்குத் தூக்குன சுமை ஒண்ணுன்னு சொன்னது பொய். ரெண்டு.”