பாட்டுக்கு ரெண்டு டீ

மூன்றாவது தடவையும் பாட்டு ஓடி முடிந்தது. எதிர் வரிசையில் சூட்கேஸ் கடைக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு நீலப் பெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். முதல் தடவை பாட்டு ஆரம்பித்தபோது கையில் எடுத்த பெட்டி அது. இன்னும் கொஞ்சம் துடைத்தால் நீலம் வெள்ளையாகிவிடும் போலிருந்தது.

டீக்கடை பெஞ்சில் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முகக்கவசம் சகிதமாக உட்கார்ந்திருந்த பாடகி பெருமூச்சு விட்டாள். முகக்கவசத்தைக் கழற்றாமல் டீ குடிக்கும் வித்தை அவளுக்குத் தெரியாது. வாங்கிய டீ எல்லாம் ஆறி ஏடு படிந்து பக்கத்தில் வரிசையாக நின்றது.

ஊர் உலகமே உருகிக் கேட்ட பாட்டு. அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்டு, அவளே பாடியது. அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாத மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அந்த ஒருவர் அவளுடைய அப்பாவாகப் போய்விட்டார், எதிரே பெட்டி துடைக்கிறார்.

டீக்கடைக்காரரும் ஒரு மாதிரியான ஆள்தான். "அந்தச் சக்கரப் பாட்டைக் கொஞ்சம் சத்தமா போட முடியுமா?" என்று வந்ததும் கேட்டதற்கு, அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"பாட்டுக்கு ரெண்டு டீ. எத்தனை பெட்டி?"

"பெட்டியா?"

"சரி, சரி. நான் எதுவும் கேக்கலம்மா" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் பாட்டைப் போட்டார். அடுப்புச் சூட்டில் நாள் முழுக்க நிற்பவர்களுக்கு அப்படித்தான் ஆகுமோ என்னவோ என்று அவள் விட்டுவிட்டாள்.

அவள் வீட்டைவிட்டுக் கிளம்பி மூன்று வருஷம் ஆகிறது. பாடத்தான் போகிறேன் என்று நின்ற அன்றைக்கு அப்பா தடுக்கவில்லை, திட்டவில்லை, நல்லா இரு என்றும் சொல்லவில்லை. கடைக்குள் போய் மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கி, முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்து, வாசலில் கொண்டுவந்து வைத்தார். "சக்கரம் போனா கொண்டு வா" என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவள் அந்தச் சக்கரம் போவதற்காகக் காத்திருக்கிறாள். சும்மா காத்திருக்கவும் இல்லை. ஜல்லியில் இழுத்தாள், படிக்கட்டில் தடதடவென்று இறக்கினாள், ஒரு தடவை லிஃப்ட் இருக்கும்போதே மாடியிலிருந்து உருட்டிவிட்டாள். பெட்டி கீழே போய் நின்று, வா போகலாம் என்பது போல அவளைப் பார்த்தது. அப்பா சரக்கு அப்படி. கடைசியில், ஜன்னலே இல்லாத வாடகை அறையில் அந்தப் பெட்டி மேல் உட்கார்ந்து எழுதினாள்:

*சக்கரமே சக்கரமே எப்போ நீ உடைவே?*
*சாக்கு ஒண்ணு கையிலில்லே, வீடு எப்படி அடைவேன்?*

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. சக்கரம் என்றால் காலம் என்று ஒரு விமர்சகர் எழுதினார். இல்லை, பிறவி என்று இன்னொருவர் சண்டைக்குப் போனார். இளைஞர்கள் கையில் சக்கரம் பச்சை குத்திக்கொண்டார்கள். சக்கரம் என்றால் சக்கரம் என்று தெரிந்திருக்க வேண்டிய ஒரே மனிதரிடமிருந்து மட்டும் தகவல் இல்லை.

அம்மாவிடம் போனில் கேட்டால், "அந்தப் பேச்சை எடுக்காதே. உன் பாட்டு வந்ததுலேர்ந்து இந்த வீட்டுல தினம் சண்டை" என்பாள். அப்பாவிடம் கொடு என்றால் அவர் வாங்கி, "கடையில ஆள் நிக்குது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார். வார விடுமுறை அன்றைக்கும் கடையில் ஆள் நிற்கும்.

இன்று சாயங்காலம் இதே ஊரில் கச்சேரி. அதற்கு முன்னால் ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்றுதான் வந்திருக்கிறாள். 'நல்லா இருக்கு' என்றுகூட வேண்டாம், 'பரவாயில்ல' என்றால் போதும். வியாபாரி பெற்ற பெண்; கேட்கும்போதே பாதியைக் குறைத்துக் கேட்கப் பழகியவள்.

நான்காவது தடவை போடச் சொன்னாள். முதல் வரி முடிவதற்குள் கடைக்கு மேலே இருந்த வீட்டு ஜன்னல் படீரென்று திறந்தது. அம்மாவின் கை ஒன்று வெளியே வந்து காற்றில் கோபமாக ஆடிவிட்டு உள்ளே போனது. கடையில் போன் அடித்தது. அப்பா எடுத்தார், கேட்டார், வைத்தார். எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்.

பாட்டுக்குக் காதை மூடலாம். கடையை மூடுகிற அளவுக்கா வெறுப்பு?

அடுத்ததாக, கூட வந்திருந்த மேனேஜரை அனுப்பினாள். அவர் தங்கமான மனிதர், பேரம் மட்டும் பேசத் தெரியாது. டாக்ஸிக்காரர் கேட்டதற்கு மேலே போட்டுக் கொடுத்து நன்றியும் சொல்கிற ரகம். அவர் போனில் ரிங்டோன் அவள் பாட்டுதான். ஏதாவது ஒரு பெட்டிக்கு விலை கேளுங்கள், நான் போன் அடிக்கிறேன், எடுக்காதீர்கள், பாட்டு ஓடும்போது அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்து வந்து சொல்லுங்கள், எதையும் வாங்கித் தொலைக்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

ஷட்டருக்குக் கீழே குனிந்து போனவர், இரண்டு பெரிய பெட்டிகளோடு குனிந்து வெளியே வந்தார்.

"முகத்தைப் பாத்தீங்களா?"

"முகம் எங்க மேடம் தெரிஞ்சுது? பாட்டு வந்ததும் செவுத்துப் பக்கம் திரும்பிட்டாரு. நான் சும்மா பாதி விலைக்குக் கேட்டு வெச்சேன். தலையாட்டிட்டாரு. அடுத்த பெட்டிக்கு அதுலயும் பாதி கேட்டேன். அதுக்கும் ஆட்டிட்டாரு." மேனேஜர் நெஞ்சை நிமிர்த்தினார். "எனக்குள்ள ஒரு வியாபாரி இருந்திருக்கான் மேடம். இத்தனை வருஷமா அவனைப் பட்டினி போட்டிருக்கேன்."

சொந்தச் சகலைக்கு ஒரு பூட்டை இலவசமாகக் கொடுக்காத மனிதர் அப்பா. அவர் கால் விலைக்குத் தலையாட்டுகிறார் என்றால் கடை படுத்துவிட்டது என்று அர்த்தம். பெண்ணைப் பாட அனுப்பியவன் கடையில் எவன் பெட்டி வாங்குவான்? தினம் சண்டை என்று அம்மா சொன்னது இதைத்தான். தன் பாட்டு அப்பா கடைக்கு எமனாகிவிட்டது.

ஒரு வார்த்தையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். முழு விலை கொடுத்து ஒரு பெட்டியாவது வாங்கிவிட்டுப் போகலாம் என்று தெருவைத் தாண்டினாள்.

உள்ளே குனியும்போதே மாடிப்படியிலிருந்து அம்மா குரல் இறங்கி வந்தது. "இன்னிக்கும் அந்தப் பாட்டா? நம்மளத் தெருவுல நிறுத்தாம அது ஓயாது." சுவரில் பெரிய எழுத்தில் ஒரு போர்டு: 'கடைக்குள் பாட்டுப் போடக் கூடாது.'

நல்லவேளை, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள்.

தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு நீலப் பெட்டியைக் காட்டி விலை கேட்டாள். அப்பா சொன்னார். அது சும்மா ஆரம்பித்து வைக்கிற விலை. வாசற்படி மாதிரி, யாரும் அதிலேயே நின்றுவிடுவதில்லை.

"சரி, கொடுங்க" என்றாள்.

அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பேரம் பேசலையா?"

"வேண்டாம்."

"அப்படிப் போகக் கூடாதும்மா. கொஞ்சமாவது கேளுங்க."

"விலை சரியாத்தான் இருக்கு."

"சரியா இல்ல. வெச்சவன் நான், எனக்குத் தெரியாதா?"

அவராகவே குறைத்தார். அவள் கூடாது என்றாள். அவர் இன்னும் குறைத்தார். இந்தச் சரக்குக்கு முதலில் சொன்னதே கம்மி என்று அவள் மேலே ஏற்றினாள். கள்ள நோட்டைப் பார்ப்பது போல அவளைப் பார்த்துவிட்டு அவர் பிடிவாதமாகக் கீழே இழுத்தார். இழுபறி நடந்து, கடைசியில் முதலில் சொன்ன விலைக்கே வந்து நின்றபோது இரண்டு பேருக்கும் தோற்றுப்போன மாதிரி இருந்தது.

அவர் பில் எழுதக் குனிந்தார். நரை கூடியிருந்தது. சட்டையில் மேல் பொத்தானைத் தப்பான ஓட்டையில் மாட்டியிருந்தார். கையை நீட்டினால் சரிசெய்துவிடலாம். அந்த நேரம் பார்த்து மேனேஜருக்குள் இருந்த வியாபாரி பொறுக்கமாட்டாமல், பாதி விலைக்குக் கேளுங்கள் என்று சொல்ல அவளைப் போனில் கூப்பிட்டான். அவள் பையிலிருந்தும் அதே பாட்டு கிளம்பியது.

அப்பாவின் பேனா நின்றது. மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"அணைச்சிடுங்கம்மா." விரலைக் கூரைக்குக் காட்டினார். "மேலேர்ந்து உத்தரவு."

கடவுள் மேல் சத்தியம் செய்து ஒதுக்கியிருக்கிறார் என்று புரிந்துகொண்டாள். பாதி வரியில் அணைத்தாள். அதற்கப்புறமும் அவர் திரும்பாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். கோபம் இறங்குகிறதாக்கும்.

பெட்டியை வாசல்வரை அவரே உருட்டி வந்தார். முன்னும் பின்னும் ஒரு தடவை உருட்டிப் பார்த்தார்.

"சக்கரம் போனா கொண்டு வாங்க."

எல்லோருக்கும் சொல்கிற வார்த்தைதான். பில்லுக்குப் பின்னால் அச்சடிக்காத குறை. ஒரு கடைக்காரர் வாடிக்கையாளரிடம் சொல்வதை எடுத்து வைத்துக்கொண்டு, மூன்று வருஷம் அவள் உருகியிருக்கிறாள், ஊரையும் உருக வைத்திருக்கிறாள். தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தெருவைத் தாண்டினாள். உடையாத சக்கரங்கள் பின்னால் சத்தமில்லாமல் வந்தன.

டீக்கடைக்காரர் பெட்டியைத் தட்டிப் பார்த்து, என்ன விலைக்கு முடிந்தது என்று கேட்டார். சொன்னாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"முழு விலையா? உன் போன் பாட்டு இங்க வரைக்கும் கேட்டுச்சு, அதைப் பாதியில அணைச்சா அப்படித்தாம்மா ஆகும். கொஞ்ச நேரம் ஓட விட்டிருந்தா, நீ என்ன கேட்டாலும் தலையாட்டியிருப்பாரு. இந்தத் தெருவே அப்படித்தான் பெட்டி வாங்குது. கடை போயிடுமேன்னு பயந்து அவர் சம்சாரம்தான் அந்த போர்டை மாட்டி வெச்சிருக்கு. பாட்டு ஓடும்போது போய் விலை கேட்டுப் பாரு, 'என் பொண்ணு பாடிட்டு இருக்கா, குறுக்க பேசாதே, கொடுக்கிறதைக் கொடுத்துட்டு எடுத்துட்டுப் போ'ம்பாரு."