இருபத்தோரு நாள் இடைவெளி

காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு, இருபத்தோராவது முறையாக, ‘தற்காலிகம்’ வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அந்தத் தட்டச்சரை அலுவலகத்தில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது.

பதற ஒன்றுமில்லை. ஆண்டுதோறும் ஜூலை முதல் தேதி அவரை நீக்கி, இரண்டாம் தேதி சேர்த்துக்கொள்வார்கள். விடாமல் வேலை பார்த்தால் ஓய்வூதியம் கேட்டுவிடுவார் என்ற தொலைநோக்குதான் காரணம். ஆனால் அங்கே வேறு யாருக்கும் தட்டச்சு தெரியாது. ஆகவே நீக்கப்பட்டவரே உட்கார்ந்து, தம்மைச் சேர்த்துக்கொள்ளும் உத்தரவை அடித்துக் கொடுப்பார். மற்றவர்களின் பதவி உயர்வும் அதே முதல் தேதியில்தான் வரும். கையோடு அதையும் அடித்துவிட்டுப் போவார்.

இந்த ஆண்டு ஓய்வூதியச் சீர்திருத்தம் வந்தது. இடைவெளியின்றி இருபது ஆண்டு உழைத்த தற்காலிக ஊழியர்களுக்கும் ஓய்வூதியம் உண்டாம். அப்படி ஒருவரும் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகே அறிவித்தார்கள்.

“சோத்துல கல்லு கிடந்தா பானையையா உடைப்பாங்க?” என்று அன்று காலை கேட்டாள் மனைவி. “ஏங்க, நீக்குற அந்த ஒரு நாள்லயும் நீங்க ஆபீஸுக்குத்தானே போறீங்க? வீட்ல இருந்தா பரணையாவது சுத்தம் பண்ணியிருப்பீங்களே. அடுத்த வருஷம் அறுபது முடியுது. மாப்பிள்ளை வீட்டு வாசல்ல போய் நிக்கச் சொல்றீங்களா?”

அவருக்குப் பொறி தட்டியது. ஒவ்வோர் உத்தரவின் அடியிலும் அடித்தவர் கையொப்பமும் தேதியும் இருக்கும். அன்று அடித்ததையும் சேர்த்து இருபத்தோரு உத்தரவுகளோடு அதிகாரி முன் நின்றார்.

“ஐயா, இடைவெளியே இல்ல. நீக்கின நாளும் வந்திருக்கேன். இதோ சாட்சி.”

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “அன்னிக்கு நீங்க ஊழியரா?”

“இல்லீங்க.”

“அப்போ அரசாங்க உத்தரவை வெளியாள் அடிச்சிருக்கான். செல்லுமா?”

“செல்லாதுங்க.”

“செல்லாத உத்தரவுல எப்படி வேலைக்குச் சேர முடியும்? முதல் வருஷத்தைத் தவிர நீங்க இங்க வேலையே பார்க்கலய்யா.”

“உங்க பதவி உயர்வு உத்தரவும் நான் அடிச்சதுதாங்களே.”

“அது வேற ஃபைல்.”

வெளியாள் அடித்த உத்தரவுகள் யாவும் செல்லாதவை என்று அன்றே ஆணை பிறந்தது. அதை வெளியாள் அடிக்கக் கூடாதென்பதால் அதிகாரி கைப்படவே எழுதினார். தற்காலிகம் வீட்டுக்குப் போனார். பரண் சுத்தமாயிற்று.

மூன்று மாதம் கழித்துத் தணிக்கைக்காரர் வந்தார். ஆணையைப் படித்தார், அலமாரியைத் திறந்து பதவி உயர்வு உத்தரவுகளை எடுத்தார்.

“அது வேற ஃபைல்” என்றார் அதிகாரி.

“அடிச்சவர் கையொப்பம் ஒண்ணுதானே” என்றார் தணிக்கைக்காரர்.

பதவி உயர்வுகளும் செல்லாதவையாயின. சிக்கனத்தின் பேரில் எல்லாரும் தற்காலிகமாக்கப்பட்டார்கள்.

அடுத்த ஆண்டு ஜூலை முதல் தேதி காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு, அதிகாரி உட்பட நாற்பத்து மூன்று பேரும் ஒருநாள் நீக்கப்பட்டார்கள். உத்தரவு கையால் எழுதப்பட்டிருந்தது. ஓய்வூதிய மனுவோடு வரிசையில் நின்ற பழைய தட்டச்சரை, நீக்கப்பட்ட எல்லாரையும் போல, மறுநாள் வரச் சொன்னார்கள்.