எண்ணெய்த் தலையோடு ஒரு தலை தீபாவளி

ஏ.டி.எச்.டி. என்னும் கவனக் குறைபாடு உள்ளவனுக்குப் பண்டிகையைப் போல ஒரு சோதனை கிடையாது. மற்ற நாட்களில் நான் சொதப்பினால் நஷ்டம் எனக்கு மட்டும்தான். பண்டிகையன்று சொதப்பினால் வீடே பட்டினி. "எழுந்து, எண்ணெய் தேய்த்து, குளிக்க வேண்டும். இதில் மறக்க என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆட்டையாம்பட்டியில் மாமனார் வீட்டில் எனக்குத் தலை தீபாவளி. என் மனைவி கோகிலாவின் பெரியப்பாவும் வந்திருந்தார். எங்கள் கல்யாணத்துக்கே முட்டுக்கட்டை போட்டவர். ("பையன் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கறானே" என்பது அவர் புகார். சரியான புகார்தான்.) முந்தின நாளே கோகிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டுமுங்க. பெரியப்பா முன்னால என் மானத்த வாங்கிராதீங்க."

மற்றவர் சொன்னால் உறைக்காது, உங்கள் குரலையே அலாரமாக வையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வைத்தேன். நல்ல காட்டமாகவே வைத்தேன்.

விடியற்காலையில் மாமியார் எண்ணெய் வைத்துவிட்டார். எண்ணெய் போகத் தேய்க்கும் அரப்புக் கிண்ணத்தோடு குளியலறைக்குப் போனால், குழாயில் நூல் மாதிரி தண்ணீர். குழாயைத் திறந்தபடியே விட்டு, கதவைச் சாத்திவிட்டு, மொட்டை மாடித் தொட்டியின் வால்வை முழுதாகத் திறக்கப் போனேன். திறந்தேன். அத்தோடு இறங்கியிருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு சீரியல் பல்புச் சரம் எரியாமல் கிடந்தது. எந்த பல்பு கோளாறு என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் கவனம் இல்லை என்று யார் சொன்னது? வேண்டாத இடத்தில் மூட்டை மூட்டையாக இருக்கிறது.

புது மாப்பிள்ளை குளித்து முதல் வெடி வைக்காமல் அந்த வீட்டில் வேறு யாரும் குளிக்கவும் கூடாது, பலகாரத்தைத் தொடவும் கூடாது. சாத்திய கதவுக்குப் பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம். மாப்பிள்ளை குளிக்கும்போது கதவை யார் தட்டுவது? "நிதானமாக் குளிக்கறாருங்க" என்று மாமியார் பெருமைப்பட்டாராம். அடுத்துக் குளிக்கப் பெரியப்பா எண்ணெய் வழியக் காத்திருந்தார். அவர் தலைக்கு மேல் சுவர் அலமாரியில் என் செல்போன்.

அது அலறியது. "டேய்! இன்னுமா குளிக்கல? எந்திரிச்சுப் போடா, எருமை!"

பெரியப்பா எழுந்துவிட்டார். "ஏனுங்க, யாருங்க என்னைய டேய்ங்கறது? மாப்பிள்ள குரலாட்ட இருக்குது?"

"அவரு உள்ள குளிக்கறாருங்களே!" என்றார் மாமியார்.

போன் மறுபடி எருமை என்றது. கோகிலாவுக்குப் புரிந்துவிட்டது. நேராக மாடிக்கு ஓடி வந்தாள்.

"கோகி, இப்ப எரியுது பாரு!" என்று சரத்தைத் தூக்கிக் காட்டினேன். அவள் தொட்டியைப் பார்த்தாள். காலி. வாளி நிரம்பி, மொத்தத் தண்ணீரும் சாக்கடைக்குப் போயிருந்தது. அன்று ஊர்க் குழாயில் தண்ணீர் வரும் நாளும் இல்லை. அவள் அழுதாள். எனக்கு என் மூளையைக் கழற்றி வீசிவிடலாம் போல ஆத்திரம் வந்தது.

நிரம்பியிருந்த அந்த ஒரு வாளியில் நான் குளித்தேன். பெரியப்பா எண்ணெய்த் தலையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தவரிடம், எனக்கு இருப்பது என்ன என்று கோகிலா மூக்கை உறிஞ்சியபடியே விளக்கினாள். "அப்ப அது திமிரு இல்லியா சாமி? செரி, உடு" என்றார்.

எங்கள் பக்கம் மாப்பிள்ளையை யாரும் மரியாதை குறைத்துப் பேச மாட்டார்கள். நான் மட்டும் விதிவிலக்கு. தீபாவளிதோறும் விடியும் முன் பெரியப்பா போன் செய்கிறார். ஸ்பீக்கரில் போடச் சொல்லி, எல்லோரும் கேட்க, "டேய், குளிச்சியாடா எருமை?" என்கிறார்.

"இதோ போறனுங்க மாமா" என்கிறேன், எதையாவது கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு.