நான்கு தட்டுக்காரர்

பிறர் வீட்டு வாசலில் கிடக்கும் மிதியடியைக் காலால் நேராக்கிவிட்டு, அப்புறம்தான் அழைப்பு மணியை அழுத்துகிற மனிதரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரின் தண்ணீர் பாட்டிலைக் கொஞ்சம் தள்ளி வைப்பார். வங்கியில் கயிறு போட்டுக் கட்டியிருக்கும் பேனாவைக்கூட மேஜை விளிம்புக்கு இணையாக வைத்துவிட்டுத்தான் நகருவார். யாரும் கேட்கவில்லை. யாரும் நன்றி சொல்லப் போவதும் இல்லை. ஆனாலும் அவருக்குக் கை சும்மா இருக்காது. கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுகிற தொழிலில் இந்த இனத்தின் ஒரு கிளை செழிப்பாக வளர்ந்திருக்கிறது. அதற்கு நான்கு தட்டுக்காரர் என்று பெயர் வைக்கலாம்.

பெயர்க் காரணம் சுலபம். நிரல் எழுதும்போது சில வரிகளை இடது ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எழுத வேண்டும். எந்த வரி எதற்குள் அடக்கம் என்று படிக்கிறவருக்குத் தெரிவதற்காக. அப்படித் தள்ளுவதற்கு இரண்டு வழி. டேப் என்ற விசையை ஒரு தட்டுத் தட்டலாம். அல்லது ஸ்பேஸ் என்ற விசையை நான்கு தட்டுத் தட்டலாம். திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வரியின் ஆரம்பத்தில் எது இருந்தாலும் கம்ப்யூட்டர் கண்டுகொள்வதில்லை. சம்பளம் கொடுக்கிற முதலாளிக்கு இப்படி ஒரு விஷயம் இருப்பதே தெரியாது. பின்னே சண்டை எதற்கு? அதுதான் வேடிக்கை. கண்ணுக்கே தெரியாத இந்த ஒன்றுக்காக, நன்றாகப் படித்த பிள்ளைகள் டீக்கடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் டீ குடிக்கிறார்கள்.

இதில் இன்னொரு கூத்து. நான்கு தட்டுக்காரர் நான்கு முறை தட்டுவதே கிடையாது. அவரும் டேப் விசையைத்தான் ஒரு தட்டுத் தட்டுகிறார். அது நான்கு ஸ்பேஸாக விழும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார். இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். கொள்கை வேறு, விரல் வேறு என்பார்.

வேலூர் காந்தி நகரில், ஒரு மருந்துக்கடையின் மாடியில், இந்த இனத்தின் தேர்ந்த மாதிரி ஒருவர் இருக்கிறார். பெயர் கார்முகிலன். விரிஞ்சிபுரத்திலிருந்து தினமும் பைக்கில் வருகிறார். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிற சின்ன ஆபீஸ் அது. தோல் எவ்வளவு வந்தது, எத்தனை ஜோடி தைத்தாயிற்று, எந்தப் பெட்டியில் எந்த சைஸ் என்பதையெல்லாம் அந்த மாடியில் உட்கார்ந்து எழுதுகிற நிரல்கள்தான் பார்த்துக்கொள்கின்றன. கார்முகிலன் அங்கே சீனியர்.

காலையில் வந்ததும் அவர் செய்கிற முதல் காரியம், முந்தின நாள் மற்றவர்கள் எழுதியதைத் திறப்பது. படிப்பதற்கு அல்ல. படிப்பதாவது! உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "படிக்கிற மாதிரி இருக்கணும் இல்ல?" என்று காற்றிடம் ஒரு கேள்வி கேட்பார், டேப் இருக்கிற இடமெல்லாம் ஸ்பேஸ் ஆகும்படி ஒரே ஆணையில் மாற்றுவார், வரியின் வாலில் யாரோ தெரியாமல் விட்ட காலி இடத்தைத் தேடிப் பிடித்து நீக்குவார், பிறகு அன்றைய வேலைக் குறிப்பில் "சிறு ஒழுங்கு" என்று எழுதிவிட்டு, பெருமூச்சு விட்டு, டீ குடிக்கப் போவார். அந்தச் சிறு ஒழுங்கில் சில ஆயிரம் வரிகள் மாறியிருக்கும். எந்த வேலையும் நடந்திருக்காது.

கூட்டம் போட்டால் இன்னும் விசேஷம். பேரணாம்பட்டில் தோல் கணக்கு ஏன் தவறாக வருகிறது என்று பேசத்தான் எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்கள். கார்முகிலன் தொண்டையைச் செருமுவார். "பிரச்சினைக்கு மூலம் இன்னான்னா..." என்று ஆரம்பிப்பார். அவ்வளவுதான். சாப்பாட்டு நேரம் வரைக்கும் டேப்பும் ஸ்பேஸும்தான். தோல் கணக்கு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும்.

அவருக்கு எதிர்க்கட்சி இல்லாமல் இல்லை. முபஷ்ஷிரா என்ற பெண், ஆம்பூரிலிருந்து காட்பாடிக்கு ரயிலில் வந்து போகிறவர், சேர்ந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. ஒரு தட்டுக் கட்சி. டேப் ஒன்றுதான் நாகரிகம், ஸ்பேஸை எண்ணிக்கொண்டு உட்காருவது பேஜார் பிடித்த வேலை என்பது அவர் கருத்து. அதை மென்மையாகச் சொல்லும் பழக்கமும் அவருக்கு இல்லை. பிரியாணி வாங்கி வந்து எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுகிற நாளில்கூட இவர்கள் இருவரும் கத்தரிக்காய்ப் பாத்திரத்தை மேஜையின் நடுவில் எல்லைக் கல்லாக வைத்துக்கொண்டுதான் உட்காருவார்கள். ஆனால் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற நிரல் முழுக்க முபஷ்ஷிரா எழுதியது. கார்முகிலனும் அதை மறுக்க மாட்டார். அவர் அதைச் சுத்தம் மட்டும்தான் செய்தார்.

இங்கேதான் வினை. பலர் சேர்ந்து எழுதுகிற நிரலில், ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் யாரோ அவர் பெயரைக் கம்ப்யூட்டர் அந்த வரிக்குப் பக்கத்தில் போட்டு வைக்கும். எழுதினவரா, இடத்தை நகர்த்தினவரா என்று அது பார்க்காது. கார்முகிலன் தினமும் எல்லா வரியையும் தொட்டார். எனவே எல்லா வரியும் கார்முகிலன்.

முதலாளி பரந்தாமன் பல வருஷம் ஷூ கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்தவர். தையல் லைனில் எந்த மேஜை எத்தனை ஜோடி முடித்தது என்று போர்டில் எழுதிப் பார்த்தே பழகியவர். அதே வழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்தார்: ஆளுக்கு எத்தனை வரி? முபஷ்ஷிராவின் பயிற்சிக் காலம் முடிகிற வெள்ளிக்கிழமை, நிரந்தரம் செய்யலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க அவர் பெயர்களைப் போட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு கார்முகிலனைக் கூப்பிட்டார்.

"இன்னாப்பா கார்முகிலா, மொத்த சரக்கும் உன் பேர்லயே இருக்குது. அந்தப் பொண்ணு இன்னாதான் பண்ணுது?"

கார்முகிலன் வாயைத் திறந்தார். சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்தான். ஆனால் முதலாளி எழுந்து வந்து தோளில் தட்டிக் கொடுத்தார் பாருங்கள், அங்கேதான் மனுஷர் உருகிப் போனார். சேர்ந்த நாளிலிருந்து அந்த ஆபீஸில் யாரும் அவரைத் தட்டிக் கொடுத்ததில்லை. திறந்த வாயிலிருந்து வந்தது வேறு.

"புதுசு தானே சார். கத்துக்கிறாங்க."

கத்துக்க இது இன்னா ஸ்கூலா, திங்கட்கிழமை கூப்பிட்டு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடலாம் என்றார் பரந்தாமன். கார்முகிலன் தன் இடத்துக்குத் திரும்பி, மேஜைமேல் கிடந்த பேனாவை விளிம்புக்கு இணையாக வைத்தார்.

மறுநாள் சனிக்கிழமை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியிலிருந்து போன் வந்தது. வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு பெட்டி பெட்டியாக அடுக்கி நிற்கிறது, லாரி வாசலில் நிற்கிறது, ஆனால் லேபிளில் சைஸ் வரவில்லை. பரந்தாமன் யோசிக்கவே இல்லை. எழுதினது நீதானே, நீயே போ என்று கார்முகிலனை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்.

பேக்கிங் ஹாலில் அவரை வரவேற்றவர் தனகோடி, அந்தப் பகுதியின் சூப்பர்வைசர். ஒரு லேபிளை நீட்டினார். மாடல், சைஸ், நிறம் என்று மூன்று கட்டம் அதில் இருந்தது. முதல் கட்டத்தில் மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, எறும்பு மொய்த்த மாதிரி கிடந்தன. மற்ற இரண்டும் காலி.

"நீங்கதான் எழுதுனதுன்னு சொன்னாங்க சார். சைஸ் இல்லாத ஷூவை யாரு கால்ல மாட்டறது?"

கார்முகிலன் நிரலைத் திறந்தார். ஆஹா, என்ன அழகு! வரிகள் பரேடு மைதானத்தில் நிற்பதுபோல் நின்றன. மேலிருந்து கீழே பார்த்தார், கீழிருந்து மேலே பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. மாதக்கணக்கில் தினமும் திறந்து மூடிய நிரலை அன்றுதான் முதல்முறையாகப் படிக்கிறார். என்ன செய்வது என்று தெரியாமல், ஒரு வரியின் வாலில் காலி இடம் இருந்ததைப் பார்த்து அதை நீக்கினார். தனகோடி ஆவலோடு ஒரு லேபிள் அடித்துப் பார்த்தார். அப்படியேதான் வந்தது.

கடைசியில் வேறு வழியில்லாமல் முபஷ்ஷிராவுக்கு போன் போட்டார். வீடு அதே ஊரில்தான், வந்துவிட்டார். திரையைப் பார்த்தார். புருவம் ஏறியது.

"இங்க ஒரு டேப் இருந்துச்சு. அதை எடுத்தது யாரு?"

கார்முகிலன் உத்தரத்தைப் பார்த்தார். அந்த டேப் வரியின் ஆரம்பத்தில் இருந்ததல்ல, அழகுக்காக இருந்ததும் அல்ல. லேபிளுக்குப் போகிற வார்த்தைகளுக்கு நடுவில் இருந்துகொண்டு, அடுத்த கட்டத்துக்குப் போ என்று பிரிண்டருக்குச் சொல்கிற டேப். முபஷ்ஷிரா புதன்கிழமைதான் அதைப் புதிதாகப் போட்டிருந்தார்; வியாழக்கிழமை காலைத் துப்புரவில் அதுவும் சேர்ந்து அடித்துச் செல்லப்பட்டிருந்தது. முபஷ்ஷிரா அதை இருந்த இடத்தில் போட்டார். லேபிள் ஒழுங்காக வந்தது, தனகோடி கும்பிட்டார், ஆட்கள் ஒட்ட ஆரம்பித்தார்கள், சாயங்காலத்துக்குள் லாரி கிளம்பிவிட்டது.

கேட்டுக்கு வெளியே வந்ததும் முபஷ்ஷிரா நின்றார்.

"முதலாளி நேத்தே ஜாடையா சொல்ட்டாரு சார், என் பேர்ல ஒண்ணுமே இல்லையாம். சென்னைன்னா வீட்ல அனுப்ப மாட்டாங்க. ட்ரெயின்ல போய்ட்டு வர்ற மாதிரி எனக்கு இந்த ஒரு வேலைதான். நீங்க க்ளீன் பண்ணா பேர் மாறிடும்னு எனக்கும் தெரியும். நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்."

கோபப்பட்டிருந்தால் கார்முகிலன் பிழைத்திருப்பார். டேப் கட்சிக்காரர்களே இப்படித்தான் என்று இரண்டு நாள் பேசியே ஓட்டியிருப்பார். அந்தப் பெண் கோபப்படாமல் ஆட்டோ ஏறிப் போய்விட்டார். கார்முகிலனுக்கு வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் ஜன்னல் ஓர சீட் கிடைத்தும் சந்தோஷம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தியாகத்துக்குத் துணிந்தார். தான் சுத்தம் செய்ததையெல்லாம் திரும்பப் பழையபடி ஆக்கிவிட்டால் பழைய பெயரும் வந்துவிடும் இல்லையா? பல்லைக் கடித்துக்கொண்டு, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு, அத்தனை ஸ்பேஸையும் டேப் ஆக்கினார். வாழ்நாளில் அவர் செய்த ஒரே பாவம் அதுதான் என்று அவர் நினைக்கிறார். முடித்துவிட்டுப் பெயர்களைப் பார்த்தார். கார்முகிலன், கார்முகிலன், கார்முகிலன். கடைசியாகத் தொட்டவரும் அவர்தானே! முன்பாவது பல தேதிகள் இருந்தன. இப்போது எல்லாமே ஞாயிற்றுக்கிழமை.

இன்னொரு வழி இருந்தது. அது அவருக்கு எப்போதோ தெரியும். இடைவெளி மாற்றங்களைக் கணக்கில் எடுக்காமல், உண்மையில் வார்த்தையை எழுதியவர் யார் என்று மட்டும் காட்டு என்று கம்ப்யூட்டரைக் கேட்கலாம். ஒரே கிளிக். இத்தனை வருஷத்தில் அதை ஏன் அவர் கிளிக் செய்து பார்க்கவில்லை? நீங்கள் மட்டும் பார்ப்பீர்களா? முபஷ்ஷிராவின் பெயர் அதில் திரும்ப வந்துவிடும். தன் பெயர் எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் அவருக்குப் பயம்.

திங்கட்கிழமை பரந்தாமன் முபஷ்ஷிராவைக் கூப்பிட்டார். கூடவே கார்முகிலனும் உள்ளே போனார். யாரும் அவரை அழைக்கவில்லை. முதலாளியின் மவுஸைத் தானே வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு கிளிக் செய்தார்.

திரை ஒரு தரம் துடித்தது. முபஷ்ஷிரா. முபஷ்ஷிரா. நடுநடுவே வேலையை விட்டுப் போன பழைய ஆட்கள். பரந்தாமன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கிக்கொண்டே போனார். வெகுதூரம் போன பிறகு ஓரிடத்தில் கார்முகிலன் அகப்பட்டார். ஒரே ஒரு வரி. அதுவும் கம்ப்யூட்டர் படிக்கிற வரி அல்ல. அடுத்து வருகிற ஆள் படிப்பதற்காக எழுதிய குறிப்பு. "தயவுசெய்து டேப் போடாதீர்கள்."

"அப்போ இவ்ளோ நாளா நீ இன்னாப்பா பண்ணினு இருந்தே?"

"சுத்தம் பண்ணினு இருந்தேன் சார். எழுதுனது அவங்க."

பரந்தாமன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, கோபமா சிரிப்பா என்று தெரியாத ஒரு குரலில் சொன்னார்: "ஷூ லைன்ல கடைசியா நூல் கத்திரிக்கிறதுக்குன்னு ஒரு ஆளு இருப்பாங்க. அவங்களும் வேணும். அவங்க இல்லாம ஷூ வெளியே போவாது. ஆனா ஷூ தெச்சது நான்தான்னு அவங்க யாரும் சொல்லிக்கிறதில்லை."

முபஷ்ஷிராவுக்கு அன்றைக்கே வேலை நிரந்தரம் ஆயிற்று. கார்முகிலன் தொடுகிற எதையும் முபஷ்ஷிரா பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் உள்ளே சேர்க்க வேண்டும் என்று உத்தரவும் ஆயிற்று. நியாயம் ஜெயித்தது என்று நீங்கள் சந்தோஷப்படுவது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். பொறுப்புக் கைக்கு வந்த மறுநாள் காலையில் முபஷ்ஷிரா ஆபீஸ் முழுவதற்கும் அனுப்பிய முதல் அறிவிப்பு, இனிமேல் எல்லாம் டேப்தான் என்பது. "படிக்கிற மாதிரி இருக்கணும்" என்று காரணமும் போட்டிருந்தார். கார்முகிலன் அதை வாசித்துவிட்டு, பல நாளுக்குப் பிறகு, மனசாரச் சிரித்தார்.

இந்த இனம் அழியாது. எந்தக் கட்சியில் இருந்தாலும் அடையாளம் ஒன்றுதான்: அடுத்தவர் எழுதியதில் கை துருதுருக்கும். உங்களுக்கு அந்தத் தொந்தரவு இல்லை என்கிறீர்களா? சந்தோஷம். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போது, சாஃப்ட்வேர் என்று வருகிற இடத்தில் மென்பொருள் என்று போட்டிருக்கலாமே என்று விரல் லேசாக அசைந்ததே, அதைக் கவனித்தீர்களா? தாராளமாக மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் மாற்றி முடித்த கையோடு, அடியில் உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ள இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடாதீர்கள்.