எலிக்குள் ஒரு கதவு

திரையில் கோடு இறங்கியது. புள்ளிகள் இறங்க மாட்டேன் என்றன. ஜான்சிக்கு அழுகை வந்தது.

எலியின் ரத்தத்தில் ஏற்றிய கதிரியக்க மருந்து சிறுநீரகத்தில் எப்படிப் பரவி வெளியேறுகிறது என்று கணக்குப் போடுவதுதான் அவளுடைய ஆராய்ச்சி. புள்ளிகள் ஸ்கேன் சொன்னவை. கோடு அவள் கணக்கு சொன்னது. இரண்டும் ஒட்டினால் அவள் டாக்டர். இந்த மாதத்துக்குள் ஒட்டாவிட்டால் ஆறு வருஷப் பாடும் அடையாற்றில் போட்ட மாதிரிதான்.

ஸ்கேன் எடுத்தது அவளுக்கு சீனியரான லாரன்ஸ். கணக்குப் போடுகிறவர்கள் எலி அறைக்குள் போவது அந்த ஆய்வகத்தில் வழக்கமில்லை. ஊசியைக் கண்டாலே மயங்கி விழும் ஜான்சிக்கு அது பெரிய நிம்மதி.

மருந்து வெளியேறும் வழியைக் குறுக்கிப் பார்த்தாள். அப்போதும் கோடு இறங்கியது. சிறுநீரகத்துக்குள் கற்பனையாக இன்னொரு அறை கட்டினாள். இப்போது சிறுநீர், மூத்திரப்பையிலிருந்து மேலே ஏறத் தொடங்கியது.

கைடு மதிவாணன் எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, தலைகீழாப் போகுது?"

"எலி அப்படி சார்."

"எலி மேல பழி போடாதே. முடியலைன்னா இப்பவே சொல்லிடு."

அன்று இரவு ஊரூர் குப்பத்து வீட்டில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா ஜெசிந்தா, மகள் புலம்பியதைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாடி, ஒரு எலி மூத்திரம் போவுதா இல்லியான்னு பாக்க ஆறு வருசமா? எம் பொண்ணு டாக்டர் ஆயிட்டான்னு தெரு பூரா சொல்லிக்கீறேன்."

மறுநாள் ஜான்சி வெட்கத்தை விட்டு, கணக்கில் சிறுநீரகத்துக்கு ஒரு கதவு வைத்தாள். மருந்து உள்ளே வந்ததும் அது சாத்திக்கொள்ளும். அதன்பிறகு எதுவும் வராது, எதுவும் போகாது. கோடு ஒவ்வொரு புள்ளியின் மேலும் பசை போட்டாற்போல் உட்கார்ந்தது.

மதிவாணன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "கதவும்மா! இதுவரைக்கும் எவனும் பார்க்காத கதவு! ஸ்கேன் படத்தைப் பாரு, துளி அசைவு இல்லை. லாரன்ஸ் கையே கை!"

வாய்மொழித் தேர்வன்று ஜெசிந்தா பட்டுப்புடவையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஜான்சி கதவை விளக்கி முடித்ததும் முதலில் கைதட்டியது அவள்தான். அரங்கமே சேர்ந்துகொண்டது.

வெளியூர்த் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "பிரமாதம். ஒரே ஒரு கேள்வி. ஸ்கேன் முடிஞ்சதும் அந்த எலி எப்படி இருந்தது?"

அந்த எலியை ஜான்சி பார்த்ததே இல்லை. "லாரன்ஸ் அண்ணாதான் சார்…" என்று திரும்பினாள்.

நன்றியுரையில் தன் பெயர் வந்த பூரிப்போடு லாரன்ஸ் எழுந்து நின்றான்.

"அதுவா சார்? மயக்க மருந்து கொஞ்சம் தூக்கலாயி, ஊசி போட்ட கொஞ்ச நேரத்துலயே செத்துப்பூட்ச்சு. மிஷின் டைம் வீணாவக் கூடாதேன்னு மிச்ச ஸ்கேனையும் அப்பிடியே எடுத்து முடிச்சேன்."