முதல் பக்கத்தில் சந்தியாகப்பன்

"ஈஸ்டருக்குள்ள கூகுள்ல என் பேரு மொத பக்கத்துல வரலன்னா, கடை போர்டுல உன் பேர எழுதிக்கோடி!"

சந்தியாகப்பன் இந்தச் சபதத்தைப் போட்டது சாம்பல் புதன் அன்று. நெற்றியில் வைத்த சாம்பல்கூட இன்னும் உதிரவில்லை. கேட்டவள் அவர் மனைவி பிலோமினாள். கேட்டுவிட்டு, "சரிங்க" என்றாள். அந்த "சரிங்க"வில்தான் மனுஷன் கொஞ்சம் உஷாராகியிருக்க வேண்டும். எங்கே ஆனார்!

ஜவ்வாது மலை மேல், ஜமுனாமரத்தூரில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே அவருக்கு ஒரு கடை. சாமை, தேன், புளி. போர்டில் அவர் பேர் ஆள் உயரத்துக்கு. போதாதென்று இணையத்திலும் ஒரு பக்கம் திறந்தார். திறந்தாரே ஒழிய, ஒரு காக்கா எட்டிப் பார்க்கவில்லை. 'ஜவ்வாது மலை சாமை' என்று தேடினால் மலை வருகிறது, அருவி வருகிறது, பூசிக்கொள்கிற ஜவ்வாதுகூட வருகிறது. சந்தியாகப்பன் மட்டும் வரவில்லை.

யூடியூபில் ஒரு புண்ணியவான் வழி சொன்னான். கட்டுரை எழுது. நாலு பேர் படிக்கிற இணையதளத்தில் போடு. நடுவில் உன் கடைக்கு லிங்க் வை. கூகுள் உன்னை மேலே தூக்கிவிடும். இவ்வளவுதானா என்றார் இவர். எந்தத் தளத்தில் போடுவது என்று உட்கார்ந்தபோதுதான் தலை கிறுகிறுத்தது.

"பெருசா இருக்கணும் பிலோமி. கோடி பேரு வர்ற எடமா பாத்துப் போடணும்."

பிலோமினாள் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். "அந்தக் கோடி பேருல சாமை துன்றவங்க எத்தினி பேருங்க?"

"இன்னா கேள்வி இது?"

"சக்கரை வந்தவங்க படிக்கிற பக்கம் ஒண்ணு கீது. கொழந்தைக்கு இன்னா ஊட்டலாம்னு தேடற பொம்பளைங்க பக்கம் ஒண்ணு கீது. அங்க போடுங்களேன்."

"போயும் போயும் கஞ்சி காச்சறவங்க பக்கத்துலயா? என் மானம் இன்னாத்துக்கு ஆவறது!"

மானம் பார்த்து அவர் பொறுக்கிய இடங்களைக் கேளுங்கள். ஒன்று சினிமாச் செய்தி. இன்னொன்று வீடு கட்டுகிறவர்களுக்கு டைல்ஸ் காட்டுகிற தளம். மூன்றாவது முடி கொட்டுவதற்கு வைத்தியம் சொல்வது. அங்கே தினம் லட்சம் பேர் வருகிறார்களாம். டைல்ஸுக்கும் சாமைக்கும் என்ன சம்பந்தம் என்று பிலோமினாள் கேட்டாள். சம்பந்தம் இல்லாததைச் சம்பந்தப்படுத்துகிறவன்தான் எழுத்தாளன் என்றார். அடேயப்பா!

எழுத்தாளரின் கட்டைவிரல் போனில் ஒரு தடவை பட்டால் மூன்று எழுத்து விழும். அதனால் அவர் நடந்துகொண்டே சொல்லுவார், அவள் உட்கார்ந்து தட்டுவாள்.

"எழுது. 'பளிங்குத் தரையில் அமர்ந்து சாமைச் சோறு உண்ணும்போது உள்ளம் குளிர்கிறது.' எழுதினியா?"

"ஆச்சுங்க."

"டைல்ஸ்காரனுக்கு அனுப்பு."

"அனுப்பிட்டேங்க."

"போன வாரம் அனுப்பினதே இன்னும் வரலியே?"

"பெரிய எடமாச்சே. வரிசைல நிக்க வேணாமா?"

தவக்காலம் முழுக்க இதே பாட்டு. பதினாலு கட்டுரை. தொண்டை கட்டிப்போய், புளி கேட்டு வந்தவர்களிடம் சைகையில் பேசினார்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் பிறந்தது. திங்கட்கிழமை காலை போனைத் தட்டியவர் துள்ளினார். முதல் பக்கம். முதல் வரி. சந்தியாகப்பன்! எதிரே நின்ற பஸ்ஸுக்கு ஓடி, கண்டக்டர் ஜீவானந்தத்தின் முகத்துக்கு நேரே போனை நீட்டினார்.

"அண்ணே, தெனம் நாப்பது வாட்டி நீயே உன் பக்கத்த அமுக்கினா, உன் போன் உன்னத்தான் காட்டும். அடுத்தவன் போன்ல பாக்கணும்" என்று சொல்லி, ஜீவானந்தம் தன் போனில் தேடினான். "அட, வந்துகீது அண்ணே! ஆனா அண்ணி பேரு போட்டுகீது."

'பிலோமினாள் சாமைக் கடை, ஜமுனாமரத்தூர்.' முதல் வரியே அதுதான்.

சந்தியாகப்பன் கடைக்குள் பாய்ந்தார். வராத குரல் வந்துவிட்டது.

"ஏய், டைல்ஸ்காரனுக்கு அனுப்பச் சொன்னது எங்கடி?"

"சக்கரைப் பக்கத்துக்குப் போச்சுங்க. பளிங்கு, தரை எல்லாத்தையும் எடுத்துட்டேன். சாமைச் சோறு மட்டும் வுட்டேன்."

"சினிமாக்காரனுக்குச் சொன்னது?"

"கொழந்தைங்க பக்கத்துக்கு."

"என் லிங்க்?"

"உங்க பக்கத்தத் தொறந்தா கோட்டு போட்டுகினு நிக்கற உங்க போட்டோதான் வருது. சாமை வாங்க வழியே இல்ல. வந்தவங்க இன்னா, உங்களயா பார்சல் கட்டிகினு போவாங்க? அதான் நானே ஒண்ணு தொறந்து அந்த லிங்க வச்சேன்."

எரிச்சலில் அவருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாதது அதைவிட எரிச்சல். போர்டு போனால் போகட்டும். தொண்டை கிழியக் கிழியச் சொன்ன பதினாலு கட்டுரையும் அவருடையது இல்லையா?

"எழுதினவன் நான்! என் பேரயாவது போட்டியா, அதயும் முழுங்கிட்டியா?"

"அய்ய, பெரிய வாரத்துல அந்தப் பாவத்த கட்டிக்குவேனா? ஒவ்வொண்ணுலயும் போட்டுகீறேன். கீழ பாருங்க."

மனசு சற்றே ஆறியது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழே தள்ளிப் பார்த்தார். இருந்தது. பதினாலு கட்டுரையிலும், முழுப் பேராக, தடித்த எழுத்தில் இருந்தது.

'கட்டுரையாளர் சந்தியாகப்பன், பிலோமினாள் சாமைக் கடையில் உதவியாளராக வேலை பார்க்கிறார்.'